பழகின டர்பன் கப்பலா, வெளிநாட்டுப் புதுக் கப்பலா? ஆயாவும் ரெண்டு பிள்ளைகளும் கூட வர்றாங்க

ஃபீனிக்ஸ்_மருமகள் | 11 ஜனவரி 2026

ஆறு பேர். நான், வீட்டுக்காரர், தங்கச்சி, மாமியார் (பிள்ளைகளோட ஆயா, 74 வயசு, வாக்கர் பிடிச்சுத்தான் நடை), மகன் 9, மகள் 4. டர்பன்ல ஏறி மொசாம்பிக்ல இருக்கிற போர்த்துகீசியத் தீவு, பொமேனே போற கப்பல் எங்க எல்லாருக்கும் பழக்கம். ஜூலை பள்ளி விடுமுறைக்கு மறுபடி அதுவேதான்னு இருந்தோம். மச்சான் விடமாட்டேங்கிறார். "அதே கப்பல், அதே மணல். எம்எஸ்சி கம்பெனியோட வேர்ல்ட் யூரோப்பா மாதிரி புதுசா ஒண்ணு பாருங்க"ங்கிறார். எது சரி? செலவுக் கணக்கும் வேணும். சைவச் சாப்பாடு கட்டாயம்.

பாயிண்ட்_துறையான் | 11 ஜனவரி 2026

ஜூலையில் டர்பனில் கப்பலே கிடையாது, தங்கச்சி. இங்கே சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். ஐரோப்பாவில் கோடை வந்ததும் கப்பலை மத்தியதரைக்கடலுக்கு ஓட்டிப் போய்விடுவார்கள். அங்கே டிக்கெட் விலை அதிகம், இங்கே குளிர்காலத்தில் தென்மேற்கு அலையும் அதிகம். ஓஷியானோஸ் என்ற பயணிகள் கப்பல் மூழ்கியது 1991 ஆகஸ்ட் 4. தண்ணீர் புகுந்தது கப்பலின் சொந்தக் குறையால்தான், 571 பேரும் பிழைத்தார்கள். ஆனாலும் டர்பனுக்குத் தெற்கே வைல்ட் கோஸ்ட் ஓரம் அந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அகல்ஹாஸ் நீரோட்டம் தெற்கே ஓட, எதிரே தென்மேற்குக் காற்று தள்ளினால் அலை குத்துக்குத்தாக எழும்.

எனவே உங்கள் முன்னால் இருப்பது இரண்டு வேறு காலம். டிசம்பர் அல்லது ஈஸ்டர் விடுமுறை என்றால் டர்பன். ஜூலை என்றால் வெளிநாடு மட்டும்தான். அதை முதலில் வீட்டில் பேசி முடியுங்கள். கப்பல் பெயர் பிறகு.

பாயிண்ட்_துறையான் | 11 ஜனவரி 2026, இரவு

புதுசு, பழசு பற்றி. டர்பனுக்கு வந்து போன எம்எஸ்சி மியூசிகா 2006-ல் கட்டியது, 92,409 டன்னேஜ் (கப்பலின் உள்ளளவு, எடை அல்ல), 294 மீட்டர். வேர்ல்ட் யூரோப்பா 2022, 215,863 டன்னேஜ், 333 மீட்டர். இரண்டும் பிரான்சில் செயின்ட் நசேர் கட்டுதளத்தில் பிறந்தவை. டன்னேஜ் இரண்டு மடங்குக்கு மேல், நீளம் 40 மீட்டர்தான் கூட. மிச்சம் எல்லாம் மேலே ஏறியிருக்கிறது, பக்கவாட்டில் அகன்றிருக்கிறது. ஆகவே லிஃப்ட்டில்தான் உங்கள் விடுமுறையில் பாதி.

நெரிசலைக் கணக்குப் பார்க்க ஒரு சின்ன வழி: டன்னேஜை, கேபினுக்கு இரண்டு பேர் என்று எண்ணிய பயணிகள் தொகையால் வகுக்க வேண்டும். மியூசிகா 36. வேர்ல்ட் யூரோப்பா சுமார் 41. சிங்கப்பூரில் ஓடும் கென்டிங் டிரீம் 45-ஐ ஒட்டி. ஐகான் ஆஃப் தி சீஸ் 44. எண் பெரிதானால் ஆளுக்கு இடம் அதிகம். விளம்பரத்தில் இந்த எண் வராது, ஆனால் டன்னேஜும் பயணிகள் தொகையும் எந்தக் கப்பலுக்கும் கிடைக்கும், வகுத்துக்கொள்ளலாம்.

ஜூலையில் அந்தக் கணக்கு அப்படியே நிற்காது. பள்ளி விடுமுறை என்பதால் மேல் கட்டில், சோபா கட்டில் எல்லாம் நிரம்பும். வேர்ல்ட் யூரோப்பா முழுக் கொள்ளளவு 6,762 பேர். அப்போது ஆளுக்கு 32-க்கு இறங்கிவிடும். டிசம்பரில் மியூசிகா நிரம்பி வழிந்தால் 29. ஆக வித்தியாசம் உண்டு, மச்சான் சொல்கிற அளவுக்கு இல்லை.

மெரிபேங்க்_அண்ணாச்சி | 12 ஜனவரி 2026

கப்பலை வகுத்தல் கணக்குப் போட்டு வாங்குற முதல் ஆள் நீங்கதான் அண்ணே. மியூசிகா இருபது வயசுக் கப்பல், அதுல ஏறலாமா, பயமா இருக்குன்னு எங்க வீட்ல கேக்கறாங்க. அதுக்குப் பதில் சொல்லுங்க.

பாயிண்ட்_துறையான் | 12 ஜனவரி 2026

வயதுக்குப் பயப்பட வேண்டாம். பயணிகள் கப்பலை வருடா வருடம் சோதிப்பார்கள், ஐந்து வருடத்துக்குள் இரண்டு தடவை அடிப்பாகத்தையும் பார்த்தாக வேண்டும். 2010 அக்டோபரோடு எளிதில் தீப்பிடிக்கும் மரவேலை உள்ள கிழடுகள் ஒதுங்கிவிட்டன. 2015 முதல் புறப்படும் முன்பே, அல்லது புறப்பட்ட கையோடு, பாதுகாப்புப் பயிற்சி நடந்தாக வேண்டும். 2012-ல் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்ததால் வந்த விதி அது. டர்பனில் ஏறினாலும் பார்சிலோனாவில் ஏறினாலும் விதி ஒன்றே.

பழைய கப்பலில் தெரிகிற வயது வேறு மாதிரி. குளியலறைத் திரை காலில் ஒட்டும். பிளக் பாயின்ட் குறைவு, கட்டில் பக்கம் யுஎஸ்பி இருக்காது. ஏசி கட்டுப்பாடு பேருக்குத்தான்.

புத்தம் புதுக் கப்பலுக்கும் தனி நோய் உண்டு. முதல் சில மாதம் லிஃப்ட் நிற்கும், செயலி தொங்கும், சமையற்கட்டுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும் ஒத்துவராது. சில சமயம் கப்பலே நேரத்துக்கு வராது: சிங்கப்பூருக்கான டிஸ்னி அட்வென்ச்சர் 2025 டிசம்பர் 15-ல் தொடங்க வேண்டியது, 2026 மார்ச் 10-க்குத் தள்ளிவிட்டார்கள். விமான டிக்கெட் எடுத்து வைத்தவர்கள் கதி? எனவே புதுக் கப்பல் என்றால் ஒரு வருடமாவது ஓடியதாகப் பாருங்கள். வேர்ல்ட் யூரோப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அது முதலில் செய்த வேலையே 2022 உலகக் கோப்பைக்கு தோஹாவில் மிதக்கும் விடுதியாக நின்றதுதான்.

ஃபீனிக்ஸ்_மருமகள் | 12 ஜனவரி 2026

சரி அண்ணே, மாமியார் விஷயம்? அவங்களுக்கு எது நல்லது?

பாயிண்ட்_துறையான் | 13 ஜனவரி 2026

இதுதான் முக்கியக் கேள்வி. பதில் கப்பலில் இல்லை, இறங்கும் இடத்தில் இருக்கிறது.

போர்த்துகீசியத் தீவு, பொமேனே இரண்டிலும் துறைமுகம் கிடையாது. கப்பல் நங்கூரம் போடும், சின்னப் படகில் ஏற்றி மணலுக்குக் கொண்டுபோவார்கள். ஏறும் இடத்தில் கப்பலின் பக்கவாட்டு மேடையும் படகும் ஒன்றாக ஏறி இறங்காது. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே. மாலுமிகள் இரண்டு பக்கமும் முழங்கைக்கு மேல் பிடித்து, அலை சமமாகும் நொடியில் "இப்போ" என்பார்கள். அந்த நொடியில் கால் வைத்தே ஆக வேண்டும். இறங்கும் பக்கம் முழங்கால் தண்ணீர், அதற்குப் பிறகு இளகிய மணல். வாக்கர் மணலில் புதையும், சக்கரம் இருந்தால் இன்னும் மோசம். நடக்க முடியாதவரைப் படகில் ஏற்ற மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

அதனால் ஆயாவுக்கு அந்தப் பயணத்தில் டர்பனை விட்டால் மண்ணில் கால் படாது. கப்பலிலேயே நான்கு நாள் உட்கார்ந்திருக்க அவர் சம்மதம் என்றால் அது நல்ல பயணமே. எல்லாரும் கரைக்குப் போன பிறகு கப்பல் காலியாக இருக்கும், காலை பத்து மணிக்கு நீச்சல்குளம் பக்கம் நிழல் நாற்காலி சண்டையில்லாமல் கிடைக்கும். ஆனால் அதை முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கரையில் நேரே கட்டும் துறைமுகம் வேண்டுமானால் டர்பனில் இருந்தே போர்ட் லூயிஸ், ரீயூனியன் போகும் நீண்ட பயணங்கள் சில சீசனில் உண்டு. கேப் டவுனில் ஏறினால் வால்விஸ் பே. இவற்றில் படியிலிருந்து நேரே தளத்துக்கு இறங்கலாம்.

டொங்காட்_கரும்பு | 13 ஜனவரி 2026

துறையான் அண்ணே, ஜனவரி பிப்ரவரில மொரீஷியஸ் பக்கம் புயல் காலமாச்சே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பெலால் 2024 ஜனவரியில ரீயூனியனையும் மொரீஷியஸையும் ஒரு வாட்டு வாட்டிட்டுப் போச்சு.

பாயிண்ட்_துறையான் | 13 ஜனவரி 2026

சரியான இடத்தில் பிடித்தீர்கள், கரும்பு. தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. டர்பன் சீசனும் அதே மாதங்கள். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருக்கிறது, தப்ப வழியில்லை. உச்சம் ஜனவரி முதல் மார்ச் வரை. டிசம்பர் தொடக்கம் ஓரளவு அமைதி, ஆனாலும் சிடோ புயல் 2024 டிசம்பரில்தான் மயோட் தீவைத் தகர்த்தது.

கப்பல் புயலுக்குள் போகாது, சுற்றிப் போகும் அல்லது துறைமுகத்தை வெட்டிவிடும். டிக்கெட்டின் பின்பக்க நிபந்தனையில் அதற்கு இடம் இருக்கிறது. துறைமுகம் தவறினால் பெரும்பாலும் அந்தத் துறைமுக வரி மட்டும் கணக்கில் திரும்பும், கட்டணம் திரும்பாது. மூன்று, நான்கு இரவுப் பயணத்துக்கு இறங்கும் இடம் ஒன்றுதான், அது போனால் எல்லாம் போச்சு. ஏழு இரவில் ஆறு துறைமுகம் இருந்தால் ஒன்று போனாலும் மனசு ஆறும். சின்ன அலைக்கே கரைக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகை நிறுத்திவிடுவார்கள், புயல்தான் வர வேண்டும் என்றில்லை.

பாயிண்ட்_துறையான் | 15 ஜனவரி 2026

இனி வேர்ல்ட் யூரோப்பா காகிதங்கள். நம் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கட்டாயம். பெரியவருக்கு 90 யூரோ, 6 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைக்கு 45, ஆறுக்குக் கீழே இலவசம். உங்கள் வீட்டுக்கு 4 பெரியவர் 360, மகனுக்கு 45, மகளுக்கு ஒன்றுமில்லை: 405 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் அதற்கு மேலே. மறுத்தாலும் திரும்பி வராது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு 15 நாள் என்பார்கள், சிக்கல் வந்தால் 45 வரை இழுக்கலாம். இழுப்பது முடிவு அல்ல, நேரம் ஒதுக்கீடு கிடைப்பதுதான். ஜூலை பயணத்துக்கு மார்ச் தொடக்கத்திலேயே நாளைப் பிடித்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, மூன்று மாத வங்கி அறிக்கை, கப்பல் முன்பதிவுத் தாள், விமான முன்பதிவு, 35-க்கு 45 மில்லிமீட்டர் படம். கைரேகை ஒரு தடவை கொடுத்தால் 59 மாதம் செல்லும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே கைரேகை வேண்டாம்.

அப்பா அம்மா இருவரும் வருவதால் சம்மதக் கடிதம் தேவையில்லை. ஒருவர் மட்டும் பிள்ளையைக் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அதை மறந்து விமான நிலையத்தில் நிற்பவர்கள் இன்றும் உண்டு.

டொங்காட்_கரும்பு | 15 ஜனவரி 2026

முதல்ல இறங்குற நாட்டுக்குத்தான் விசா போடணும். பார்சிலோனான்னா ஸ்பெயின். சிம்பிள்.

பாயிண்ட்_துறையான் | 16 ஜனவரி 2026

அப்படி இல்லை. அதிக நாள் தங்கும் நாட்டுக்குப் போட வேண்டும். சமமாக வந்தால்தான் முதலில் நுழையும் நாடு.

வேர்ல்ட் யூரோப்பா 2023 முதல் கோடையில் ஓடிய வழக்கமான சுற்றை எடுத்துக்கொள்வோம். பார்சிலோனாவில் ஏறினால் மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, வலெட்டா, ஒரு நாள் கடல், திரும்ப பார்சிலோனா. இத்தாலி மூன்று நாள். விமானம் இறங்கிய அன்றே கப்பல் ஏறினால் ஸ்பெயினுக்கு ஏறும் நாள், இறங்கும் நாள், மொத்தம் இரண்டு. அப்போது இத்தாலி. முந்தின நாளே போய் ஒரு இரவு விடுதியில் தங்கினால் ஸ்பெயினுக்கும் மூன்று ஆகிவிடும், சமம், முதல் நுழைவு ஸ்பெயின். விடுதி ஒரு இரவு கூடினால் விசா அலுவலகமே மாறுகிறது! உங்கள் தேதிக்குரிய துறைமுகப் பட்டியலை வைத்தே எண்ணுங்கள், போன வருடப் பட்டியலை நம்ப வேண்டாம்.

அந்த ஒரு இரவு கட்டாயம் தங்குங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. இந்தச் சுற்றில் எல்லாம் ஷெங்கன் நாடு, மால்டா உட்பட. துருக்கி, துனிசியா, மாண்டினீக்ரோ இருக்கிற வேறு சுற்று எடுத்தால் பலமுறை நுழைவு விசா கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை விசாவில் வெளியே போன கப்பலோடு நீங்கள் திரும்ப உள்ளே வர முடியாது.

இன்னொன்று, 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் புது முறை. முத்திரைக்குப் பதில் முகப்படமும் கைரேகையும் எடுத்துப் பதிகிறார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு வரிசை நீளும். வாக்கரோடு நிற்க முடியாது, விமானச் சீட்டு போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிட்டால் தனி வரிசையில் கூட்டிப்போவார்கள்.

பாயிண்ட்_துறையான் | 16 ஜனவரி 2026, மதியம்

ஏன் பார்சிலோனா, ஏன் ஜெனோவா இல்லை என்று யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில் இருந்து எமிரேட்ஸ் துபாய் வழி பார்சிலோனா போகலாம், ஒரே மாற்றம். பார்சிலோனா விமான நிலையத்தில் இருந்து கப்பல் தளம் சுமார் 15 கிலோமீட்டர், ஒரு வேன் போதும். ஜெனோவாவுக்கு மிலான் இறங்கி ரயில் அல்லது சாலையில் இன்னும் இரண்டு மணி நேரம், ஆறு பேர் பெட்டியோடு.

இந்த எம்எஸ்சி மத்தியதரைச் சுற்றில் தினமும் ஏதோ ஒரு துறைமுகத்தில் புது ஆட்கள் ஏறுவார்கள், பழைய ஆட்கள் இறங்குவார்கள். டர்பன் மாதிரி எல்லாரும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்குவது இல்லை. ஒலிபெருக்கி ஐந்து மொழியில் பேசும். பாதுகாப்புப் பயிற்சி தினம் யாருக்காவது நடக்கும். வரவேற்பு மேசையில் தினம் வரிசை. டர்பன் கப்பலில் முதல் நாள் வரிசை முடிந்தால் பிறகு அமைதி. பழகினவர்களுக்கு முதலில் இடிப்பது இதுதான், நீர்ச்சறுக்கு இல்லை.

இறங்கும் இடங்கள்: நேப்பிள்ஸ், மெசினா இரண்டும் கப்பல் ஊர் வாசலிலேயே நிற்கும். வலெட்டாவில் கோட்டை மேலே ஏற 58 மீட்டர் லிஃப்ட் இருக்கிறது, ஆயா அதில் மேலே போய் துறைமுகத்தைப் பார்க்கலாம், படி ஒன்றும் ஏற வேண்டாம். மார்செய் தளம் ஊருக்கு வெளியே, பேருந்து பிடிக்க வேண்டும், அன்று அவர் கப்பலிலேயே இருக்கட்டும். ஜூலையில் நேப்பிள்ஸ் வெயில் நம் டர்பன் பிப்ரவரிக்குக் குறைந்ததில்லை.

மெரிபேங்க்_அண்ணாச்சி | 17 ஜனவரி 2026

இவ்வளவு விசா, வரிசை. சென்னையில இருந்தே கப்பல் ஓடுதே, இலங்கைக்கு. அதுல போனா ஊரையும் பாத்த மாதிரி, கப்பலும் ஏறின மாதிரி.

பாயிண்ட்_துறையான் | 17 ஜனவரி 2026

கோர்டீலியா கம்பெனியின் எம்ப்ரெஸ் கப்பலைச் சொல்கிறீர்கள். அது 1990-ல் கட்டியது, 48,563 டன்னேஜ். புதுசு தேடிப் போய் மியூசிகாவை விடப் பதினாறு வயது மூத்த கப்பலில் ஏறுவதா? சாப்பாடு நமக்கு ஒத்துவரும், அதை மறுக்கவில்லை. இந்திய விசாவில் கவனம்: கப்பல் இந்தியாவை விட்டுப் போய்த் திரும்புவதால் ஒருமுறை நுழைவு போதாது. ஜூலை வேறு, கடல் கொந்தளிக்கும் பருவமழைக் காலம்.

1860 நவம்பர் 16-ல் நம் முன்னோரை முதன்முதலாகக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மெட்ராஸில் இருந்து டர்பன் வந்தபோது கேபின் தேர்வு யாருக்கும் கிடையாது. உங்கள் வீட்டில் இருபது வயதுக் கப்பலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு அதைச் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ்_மருமகள் | 18 ஜனவரி 2026

சைவம் பத்தி யாரும் எழுதலையே. ஐரோப்பாக் கப்பல்ல ஆயா என்ன சாப்பிடுவாங்க? முட்டையும் தொடமாட்டாங்க.

பாயிண்ட்_துறையான் | 19 ஜனவரி 2026

முட்டையும் இல்லை என்றால் சொல்லும் விதத்தில் இருக்கிறது எல்லாம். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டையும் பாலும் வரும். "இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் கூடாது, பால் பொருள் சரி" என்று நான்கையும் எழுதி முன்பதிவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், ஏறிய அன்று மாலை உணவக மேற்பார்வையாளரிடம் அதே தாளைக் காட்டுங்கள். நல்ல கப்பலில் மறுநாள் இரவு உணவுப் பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து காட்டுவார்கள், அதில் தேர்ந்தால் தனியாகச் செய்வார்கள்.

மறைந்து கிடக்கும் இடங்கள்: காய்கறி சூப்பில் மாட்டெலும்புச் சாறு. பார்மசான் சீஸில் கன்றின் இரைப்பை நொதி. வூஸ்டர் சாஸில் நெத்திலி. தாய் கறி விழுதில் இறால். கையால் செய்த பாஸ்தாவில் முட்டை (கடையில் வாங்கும் காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் இருக்காது). மூஸ், பன்னகோட்டாவில் ஜெலட்டின். பஃபேயில் ஒரே இடுக்கி மீன் தட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் போய்வரும். ஆயா மாதிரி ஆச்சாரம் பார்க்கிறவர் பஃபேயில் திறந்ததும் முதல் ஆளாகப் போவது நல்லது.

டர்பன் சீசனில் நம்மவர் கூட்டம் அதிகம், சோறும் குழம்பும் கேட்டால் சமையற்கட்டுக்குப் புரியும். சிங்கப்பூரின் கென்டிங் டிரீமில் இந்தியச் சைவம் அன்றாடம் செய்கிற வேலை, ஜைனச் சாப்பாடும் கேட்கலாம். மத்தியதரையில் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

தைப்பூசம் பிப்ரவரி 1. விரதத்தில் இருக்கிறவர்கள் அதற்கு முந்தின வாரத்துப் பயணத்தைத் தவிர்க்கலாம். ஈஸ்டர் பயணம் எடுத்தால் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா போய்விடும், அதற்கு ஆயாவே ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

பாயிண்ட்_துறையான் | 19 ஜனவரி 2026, இரவு

விளக்கு பற்றியும் சொல்ல வேண்டும். கற்பூரம், ஊதுபத்தி, திரி விளக்கு எதுவும் கேபினில் கூடாது. பெட்டிச் சோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள், மிஞ்சிப் போய் ஏற்றினால் புகை உணர்வி கத்தும், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடவும் அதிகாரம் உண்டு. பேட்டரி விளக்கு சரி. கெட்டில், இஸ்திரிப்பெட்டி, மின்னெழுச்சித் தடுப்பு வைத்த நீட்டிப்புப் பலகை மூன்றும் தடை. நம் வீட்டுப் பெரிய மூன்று உருண்டைக்கம்பி பிளக் ஐரோப்பியக் கப்பல் சுவரில் நுழையாது. இரண்டு கம்பி அடாப்டர் குறைந்தது நான்கு எடுத்து வையுங்கள்.

டொங்காட்_கரும்பு | 20 ஜனவரி 2026

கென்டிங் டிரீம்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க அண்ணே. கமிஷனா?

பாயிண்ட்_துறையான் | 21 ஜனவரி 2026

கமிஷன் வந்தால் உமக்குப் பாதி. யோசித்துப் பார்த்ததில் இந்த வீட்டுக்கு ஜூலையில் வேர்ல்ட் யூரோப்பாவை விட அதுவே பொருந்தும் என்று தோன்றுகிறது. மேலே வேர்ல்ட் யூரோப்பாவுக்கு இவ்வளவு எழுதியது காகிதம் சிக்கலாக இருப்பதால், அது சிறந்தது என்பதால் அல்ல.

கப்பல் 2016, 150,695 டன்னேஜ், 335 மீட்டர். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நம் பாஸ்போர்ட்டுக்கு முன்விசா வேண்டாம். 405 யூரோவும் மிச்சம், மார்ச் மாத வரிசையும் மிச்சம். இணையத்தில் வருகைப் படிவங்கள் மட்டும்: சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் தனித்தனி, மூன்றும் வருவதற்கு மூன்று நாளுக்குள். கப்பலில் இறங்கிப் பார்க்கும் துறைமுகத்துக்கும் இது வேண்டும். ஆறு பேருக்கும் பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்ல வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து சிங்கப்பூர் நேர் விமானம் உண்டு. மலிவு என்று அடிஸ் அபாபா, நைரோபி வழி எடுத்தால் காத்திருப்பு 12 மணிக்கு மேல் போகாமல் பாருங்கள். போனால் திரும்பி வரும்போது நம் ஊரிலேயே மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பார்கள்.

பயணம் இரண்டு, மூன்று இரவுகள். குட்டை என்று தோன்றும். ஆனால் பினாங்கு போகிற பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்: ஸ்வெட்டன்ஹாம் தளத்தில் கப்பல் நேரே கட்டும், லிட்டில் இந்தியா நடை தூரம், படகு இல்லை, மணல் இல்லை. புக்கெட்டில் நங்கூரம் போட்டுப் படகில்தான் இறக்குவார்கள், அது ஆயாவுக்கு வேண்டாம். போர்ட் கிளாங்கில் இறங்கினால் பத்துமலை வாசல் வரை வேன் போகும். 272 படியைப் பிள்ளைகள் ஏறட்டும், கீழே முருகன் சிலையடியில் ஆயா கும்பிட்டுக்கொள்வார். கப்பலுக்கு முன்னும் பின்னும் சிங்கப்பூரில் இரண்டு நாள் வைத்தால் செராங்கூன் சாலையில் இட்லிக்கும் வீரமாகாளியம்மன் கோவிலுக்கும் நேரம் கிடைக்கும். அறிவிப்புப் பலகையில் தமிழ் படிக்கிற ஊரில் ஆயாவைத் தனியாக விட்டாலும் பயமில்லை.

ஃபீனிக்ஸ்_மருமகள் | 21 ஜனவரி 2026

மச்சான் மூஞ்சி போச்சு. அமெரிக்காவில ஐகான் ஆஃப் தி சீஸ் உலகத்துலயே பெரிய கப்பல்கள்ல ஒண்ணுன்னு இப்போ அதைப் பிடிச்சிட்டார்.

பாயிண்ட்_துறையான் | 22 ஜனவரி 2026

அமெரிக்க விசா நேர்காணல், மியாமிக்கு ஒரு நாளுக்கு மேல் பறப்பு, ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியன் சூறாவளிக் காலம். ராயல் கரீபியனில் சேவைக் கட்டணம் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு நாளுக்கு 18.50 டாலர். நான்கு பெரியவருக்கு ஏழு நாள் 518 டாலர், டிக்கெட்டில் இல்லாதது. மச்சானைத் தனியாக அனுப்புங்கள்.

பாயிண்ட்_துறையான் | 24 ஜனவரி 2026

செலவுக் கணக்கு கேட்டீர்கள். டிக்கெட் விலையை இரவால் வகுத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. வீட்டுக் கதவு பூட்டியதில் இருந்து திறக்கும் வரை உள்ள மொத்தத்தை, கப்பலில் இருக்கும் இரவால் வகுங்கள். டர்பனுக்கு டிக்கெட், துறைமுக வரி, சேவைக் கட்டணம், கார் நிறுத்தம், அவ்வளவுதான். ஃபீனிக்ஸில் இருந்து நெல்சன் மண்டேலா முனையத்துக்கு யாராவது கொண்டுவந்து விட்டால் கார் நிறுத்தமும் இல்லை. வெளிநாட்டுக்கு ஆறு விமானச் சீட்டு, விசா, முன் இரவு விடுதி, வேன் இரண்டு தடவை, காப்பீடு, வழிச் சாப்பாடு. மூன்று இரவுக் கப்பலுக்காக மட்டும் அவ்வளவு செலவு செய்தால் இரவுக் கணக்கு எகிறும். சிங்கப்பூர் என்றால் ஊரையும் சேர்த்து எட்டு, ஒன்பது நாளாக எண்ணினால்தான் நியாயம். கப்பலே ஆசை, ஊர் இரண்டாம் பட்சம் என்றால் ஏழு இரவு வேர்ல்ட் யூரோப்பா.

குடிபானப் பொதி (ட்ரிங்க்ஸ் பேக்கேஜ்) வாங்குவதில் ஜாக்கிரதை. ஒரு கேபினில் ஒரு பெரியவர் எடுத்தால் அதே கேபினில் மற்றப் பெரியவரும் எடுக்க வேண்டும் என்பது பல கம்பெனி விதி. ஆயாவையும் தங்கச்சியையும் ஒரு கேபினில் போட்டுவிட்டால் அந்தச் செலவு உங்கள் கேபினோடு நிற்கும்.

தொலைபேசியை ஏறும் முன்பே ஏரோபிளேன் மோடுக்கு மாற்றுங்கள். கரை மறைந்ததும் கப்பலின் சொந்த அலைவரிசை பிடிக்கும், அது ரோமிங் பொதியில் வராது, மெகாபைட் கணக்கில் அடிக்கும். டர்பன் கப்பலிலும் இதே கதை.

கப்பல் மருத்துவருக்கு நம் ஊர் மெடிக்கல் எய்ட் (மருத்துவத் திட்டம்) அட்டை செல்லாது. பில் உங்கள் கேபின் கணக்கில் ஏறும், கட்டிவிட்டுப் பிறகு பயணக் காப்பீட்டில் கேட்க வேண்டும். வங்கி அட்டையோடு வரும் இலவசக் காப்பீட்டில் வயது வரம்பு பாருங்கள், 74-க்கு அங்கேதான் இடிக்கும்.

டொங்காட்_கரும்பு | 25 ஜனவரி 2026

டிசம்பர்ல பொமேனே போறவங்களுக்கு மலேரியா மாத்திரை சொல்லலையே.

பாயிண்ட்_துறையான் | 25 ஜனவரி 2026

பொமேனே இன்ஹம்பானே மாகாணம், மலேரியா உள்ள இடம். பகலில் மட்டும் இறங்கினால் ஆபத்து குறைவு, கடிக்கிற கொசு அந்தியில் வரும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் டாக்சிசைக்ளின் திரும்பி வந்து நான்கு வாரம் தொடர வேண்டும், அட்டோவாகோன்-புரோகுவானில் ஏழு நாள். டாக்சிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை, மகளுக்கு ஆகாது. வந்து ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் "மொசாம்பிக் போனோம்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு, பஃபே வாசலில் கையில் தெளிக்கும் ஆல்கஹால் நோரோ கிருமிக்குச் சரியாகக் கேட்காது. சோப்பும் தண்ணீரும்தான்.

ஃபீனிக்ஸ்_மருமகள் | 27 ஜனவரி 2026

பினாங்கு கேட்டதும் மாமியார் சிரிச்சுட்டாங்க, அதுலயே பாதி முடிவாச்சு. ஜூலை 17 ஆடி பிறக்குது, கஞ்சி ஊத்துறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தாகணும்னு மட்டும் நிபந்தனை. கேபின் எந்த இடத்துல எடுக்கணும்?

பாயிண்ட்_துறையான் | 27 ஜனவரி 2026

நடுப்பகுதி, கீழ்த் தளம், லிஃப்டுக்குப் பத்துப் பதினைந்து கதவுக்குள். லிஃப்டுக்கு எதிரேயே வேண்டாம், இரவெல்லாம் பேச்சு. சமநிலைத் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும், முன்பின் குத்தலைக் குறைக்காது, அதற்கு நடுக் கேபின்தான் மருந்து. மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதி, ஆனாலும் ஆயாவின் ரத்த அழுத்த மாத்திரையோடு குமட்டல் மாத்திரை சேருமா என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். தள வரைபடத்தில் உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் உள்ள தளத்தைப் பாருங்கள். இரண்டிலும் கேபின்களே இருந்தால் நல்லது. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் காலை ஐந்தரைக்கு நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே அரங்கம் என்றால் இரவு பதினொன்று வரை டிரம். சமையற்கட்டுக்கு மேலே என்றால் தள்ளுவண்டிச் சத்தம்.

ஆயாவுக்கும் தங்கச்சிக்கும் சக்கர நாற்காலி வசதி கொண்ட கேபின் கேளுங்கள். சாதாரண கேபினின் குளியலறை வாசலில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத் தடுப்பு இருக்கும், வாக்கர் இடறுவது அங்கேதான். வசதிக் கேபினில் அது இருக்காது, கதவும் அகலம், குளிக்க உட்காரும் பலகை உண்டு. ஒரு கப்பலில் அவை சிலதான், முதலில் போய்விடும். இணையத்தில் போடாமல் தொலைபேசியில் கேட்டு, கேபின் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கட்டுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எதிர்வரிசையில் உட்கேபின் போதும்.

மெரிபேங்க்_அண்ணாச்சி | 28 ஜனவரி 2026

பினாங்குல ஜூலை மழையா வெயிலா? குடை எடுக்கணுமா?

பாயிண்ட்_துறையான் | 28 ஜனவரி 2026

இரண்டும். மாலையில் ஒரு மணி நேரம் கொட்டும், பிறகு புழுங்கும். குடை எடுங்கள், மழைக்கோட்டு வேண்டாம், வேர்க்கும்.